நாற்பத்தைந்து மார்க்

மஹய்யாவயில் குடியிருக்கிற முத்துலிங்கத்துக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவர் வாயைத் திறக்கும் முன்பே மனைவி தங்கேஸ்வரி பதில் சொல்லிவிடுவாள். "விழுறவங்களப் புடிக்கிற வேல." கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் ஒரு நாள் கைகால் இழுத்துக்கொண்டு, அந்த அறையின் நடுவில் பிடிமானம் இல்லாமல் நிற்கிற நிலைமை வந்தால் தெரியும், பின்னால் ஓர் ஆள் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

கண்டி டவுனுக்கு வெளியே இருக்கிற ஒரு புனர்வாழ்வு வார்ட் அது. பெயர் எதற்கு, பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே இருபத்தாறு வருடமாக அவர் அட்டென்டன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தவர்கள், மோட்டார் சைக்கிளில் போய் மண்டை உடைந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்துக் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். எழுந்து நடக்கப் பழகிய பிறகு, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். உடம்பு தள்ளாடாமல் நிற்கிறதா என்று அளந்து பார்க்கிற பரீட்சை. மொத்தம் பதினான்கு வேலைகள். கைப்பிடியைத் தொடாமல் கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். தரையில் கிடக்கிற செருப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கடைசி மூன்றும்தான் ஆளைக் கொல்லும். சின்ன முக்காலி ஒன்றில் கால் மாற்றிக் கால் மாற்றி வைக்க வேண்டும். ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ஒற்றைக்காலில். ஒவ்வொன்றுக்கும் நாலு மார்க், கூட்டினால் ஐம்பத்தாறு. அந்த வார்ட்டில் நாற்பத்தைந்து எடுத்தவரை ஒரு கைத்தடியைக் கொடுத்துத் தனியாக இருக்க விடுவார்கள். அதற்குக் கீழே என்றால் வீட்டில் கூட ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஆள் இல்லாதவர்களை முதியோர் இல்லத்துக்கு எழுதிவிடுவார்கள்.

நோயாளிக்கு முன்னால் பிசியோ மிஸ் நிற்பாள், கையில் ஸ்டொப் வாட்ச்சும் படிவமும். பின்னால் முத்துலிங்கம். நோயாளியின் இடுப்பில் அகலமான பட்டி ஒன்று கட்டியிருக்கும். அந்தப் பட்டிக்கு ஓர் உள்ளங்கை தூரத்தில் அவருடைய இரண்டு கைகளும் விரிந்திருக்கும். தொடக்கூடாது. தொட்டால் அந்த வேலைக்கு மார்க் இறங்கிவிடும். அதற்காக அசட்டையாகவும் நிற்க முடியாது, ஆள் சரியும்போது அரை நொடி பிந்தினால் தலை சிமெந்துத் தரையில். எப்போது தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது, அவ்வளவுதான் அவருடைய தொழில். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நோயாளியின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நிற்பார். குதிகால் தரையை விட்டுக் கிளம்பும் விதத்திலேயே இது சும்மா ஆட்டமா, விழப்போகிற ஆட்டமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் அவர் நின்ற பரீட்சையில் ஒருவரும் கீழே விழுந்ததில்லை. அதைப்போல ஒருவருக்கும் பொய்யாக ஒரு மார்க் விழுந்ததும் இல்லை.

கெஞ்சாத ஆள் இல்லை. அக்குரணையில் கடை வைத்திருந்த ஹலீம் ஹாஜியார் காதோடு காதாகக் கேட்டுப் பார்த்தார். "முத்துலிங்கம், ரெண்டு செகன் தானே. லேசா புடிச்சிக்கோங்களேன். மிஸ்ஸுக்கு வெளங்காது. பெருநாளைக்கு உடுக்க நல்ல சாரம் ஒண்டு எடுத்துத் தாரேன்."

"நா புடிச்சா மார்க் வரும் ஹாஜியார். ஆனா வீட்டுக்குப் போயி பாத்ரூம்ல விழுவீங்க. அங்க ஒங்க பின்னால நா நிக்க மாட்டேனே" என்றார் இவர். ஹாஜியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இன்னும் மூன்று கிழமை பயிற்சி செய்து, தன் காலிலேயே மார்க் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது சாரமும் கொடுத்தார், அதை இவர் வாங்கவில்லை.

பிசியோ மிஸ்ஸின் பெயர் ஜஹானா. அலவத்துகொடைக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், கெட்டிக்காரி. பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு முதல் நாளே இவரைக் காட்டிச் சொல்வாள். "மார்க் போடுறது நாங்க. அந்த மார்க் உண்மயா ஈக்கிறது இந்த அண்ணனால." அதைக் கேட்கும்போது முத்துலிங்கம் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அந்த மனுஷனுக்குச் சொந்தமாக இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவருடைய வார்ட்டுக்கு, போன ஒக்டோபர் மழையில், சக்கர நாற்காலியில் வந்து இறங்கினாள் அவருடைய சொந்த அக்கா மூக்காயி. இடது பக்கம் இழுத்திருந்தது. பேச்சு மட்டும் கொஞ்சமும் இழுக்கவில்லை. "என்னாடா பாக்குற? இன்னும் சாகலைன்னா?" என்பதுதான் தம்பியிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

மூக்காயிக்கு அறுபத்தாறு வயது. ஹந்தானை மலையில் முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அந்தச் சரிவில் ஆடே வழுக்கும், இவள் கூடையோடு ஏறி இறங்கினாள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் யுகேஷ் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான், ஐந்து பேரோடு ஒரு போடிங் அறையில் படுக்கிறான். அம்மாவை அங்கே கொண்டுபோய் எங்கே வைப்பான்? ஆகவே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவள் தனிக்கட்டை. பரீட்சையில் நாற்பத்தைந்து எடுத்தால் தன் லயக் காம்பராவுக்குத் திரும்பிப் போகலாம். எடுக்காவிட்டால் இரண்டே வழி. ஒன்று, முதியோர் இல்லம். மற்றது, தம்பி வீடு.

தம்பி வீடுதானே, இதில் என்ன யோசனை என்று கேட்பீர்கள். யோசனை இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் முத்துலிங்கத்தின் மூத்த மகன் ரமேஸின் கல்யாணம் நடந்தது. சொந்த அத்தையை அவள் வீட்டு வாசலுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. மழை, மண்சரிவு, ரோட்டு மூடியிருக்கிறது என்று தங்கேஸ்வரி போனிலேயே அழைப்பை முடித்துவிட்டாள். மூக்காயி கோயிலுக்கு வந்தாள், பிள்ளையின் தலையில் அட்சதை போட்டாள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹந்தானைக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மஹய்யாவ வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கேஸ்வரியும் "அம்மா தாயே" என்று போய் நிற்கவில்லை. நடுவில் முத்துலிங்கம். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டவர். ஒரு காரியத்தைப் பேசாமல் விட்டால் அது தானாகச் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. எத்தனை தரம் சரியாகாமல் போனாலும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை.

வீடும் இரண்டே அறை. உள் அறையில் ரமேஸ், மருமகள், ஆறு மாதக் கைக்குழந்தை. முன் அறையில் இவரும் தங்கேஸ்வரியும், மேசைக்கு அடியில் புத்தகத்தை விரித்துப் படிக்கிற கடைசி மகள் சிந்துஜாவும். இதில் அக்காவை எங்கே படுக்க வைப்பது? அவர் மனதுக்குள் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் தங்கேஸ்வரியின் முகம் குறுக்கே வந்து நின்றது.

வார்ட்டில் மூக்காயி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். "நா என் காம்பராவுக்குத்தான் போவேன். யாரு வீட்டுலயும் போயி ஒண்டிக்கிட்டுக் கெடக்க மாட்டேன். கூப்புடாத எடத்துக்குப் போறவளா நா?" தம்பி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குரல் கொஞ்சம் கூடும். முத்துலிங்கம் அதைக் கேட்டு என்ன நினைத்தார்? உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அக்காவே போகிறேன் என்கிறாள், நம் மேல் பழியில்லை என்று நினைத்தார். நினைத்த மறு நொடி வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனார்.

முதல் பரீட்சையில் மூக்காயிக்கு முப்பத்தாறு. முக்காலியில் இரண்டாவது தரம் கால் வைக்கும்போதே சரிந்தாள், முத்துலிங்கம் பிடித்தார். "ஒன்னய யாருடா புடிக்கச் சொன்னா?" என்று அவர்மேலேயே பாய்ந்தாள்.

இரண்டாவது பரீட்சைக்கு மூன்று கிழமை தவணை. அதற்கிடையில் ஜஹானா மிஸ் அவரைத் தனியே கூப்பிட்டாள். "முத்துலிங்கம் அண்ணே, மனசுல பட்டதச் சொல்றேன். அக்கா முன்னேறுறாங்க, ஆனா தனிய இருக்க ஏலுமான்னு எனக்குச் சரியான பயம். கட்டிலுக்கு நாள் எழுதி வெச்சா அந்த நாள்ல காலி பண்ணணும், வார்ட்ல இதுக்கு மேல வெச்சிக்க விடமாட்டாங்க. ஒங்கட வீட்டுல ஒரு ஆறு மாசத்துக்கு வெச்சிக்க ஏலாதா?"

"வீட்டுல எடம் கொஞ்சம் சிக்கல் மிஸ். கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றாரே, கேட்டாரா? அன்றைக்குச் சாயந்தரம் பஸ்ஸில் வரும்போது வசனத்தைச் சரி பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்தால், தங்கேஸ்வரி பைப்படியில் பேரப்பிள்ளையின் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி இருக்கா?"

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூரம் போனார். "அக்காவுக்கு இன்னும் கால் சரியா வரல்ல" என்றார். தங்கேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், மேலே சொல் என்பதுபோல. இவர் மேலே சொல்லவில்லை. அவள் மறுபடி சுளகைத் தட்டத் தொடங்கினாள். திங்கட்கிழமை ஜஹானா மிஸ் கேட்டபோது, "வீட்டுல ஒத்துக்கிறாங்க இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டார். அட பாவி மனுஷா! கேட்காத கேள்விக்கு, சொல்லாத பதிலைக் கொண்டுவந்து கொடுத்தாயே!

பரீட்சை நாள் காலை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மூக்காயி தலையை வாரி, பொட்டு வைத்து, ஆஸ்பத்திரிக் கவுனுக்கு மேல் பட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முன்னால் ஜஹானா மிஸ். பின்னால் வழக்கம்போல முத்துலிங்கம். சொந்தக்காரருக்குப் பின்னால் வேறு ஆள் நிற்பதுதான் நல்லது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரைவிட நம்பிக்கையான ஆள் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எழும்பினாள், உட்கார்ந்தாள், கண்ணை மூடி நின்றாள். செருப்பைக் குனிந்து எடுத்து, "இந்தாங்க மிஸ், யாரு செருப்பு இது, வார் பிஞ்சு கெடக்கு" என்றாள். ஜஹானா மிஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள். முத்துலிங்கத்துக்குப் படிவத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு வேலைக்கும் என்ன மார்க் விழும் என்று அவருக்கு மனப்பாடம். பதினோரு வேலை முடிந்தபோது முப்பத்தெட்டு. இன்னும் மூன்று வேலை, ஏழு மார்க் வேண்டும். அக்காவின் குதிகாலைப் பார்த்தார். அந்தக் கால் மூன்று மார்க்குக்கு மேல் எடுக்காது என்று அவருக்குச் சத்தியமாகத் தெரிந்தது.

"இப்ப முக்காலி" என்றாள் ஜஹானா மிஸ். "எட்டுத் தரம் மாத்தி மாத்திக் கால் வைக்கணும். ஒண்டையும் புடிக்கப்படாது."

முதல் கால் ஏறியது. இரண்டாவது, வாதம் இழுத்த கால், முக்காலியின் விளிம்பில் இடறியது. இடுப்பு ஆடியது. இது விழப்போகிற ஆட்டம். அவர் செய்ய வேண்டியது என்ன என்று இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்திருந்தது: இரண்டு கைகளாலும் எல்லோரும் பார்க்கப் பிடித்து, "மிஸ், புடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மிஸ் ஒன்று என்று எழுதுவாள். எழுதினால் கணக்கு முடிந்தது. முதியோர் இல்லம், இல்லாவிட்டால் மஹய்யாவ. முதியோர் இல்லம் என்றால் ஊரே காறித் துப்பும். மஹய்யாவ என்றால் தங்கேஸ்வரியிடம் வாயைத் திறக்க வேண்டும்.

முத்துலிங்கத்தின் வலது கை விரல்கள் இரண்டு பட்டிக்குள் புகுந்து இறுக்கிக்கொண்டன. மற்றக் கை வழக்கம்போல விரிந்து காற்றில் நின்றது. மூக்காயியின் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு கால் மாற்றி வைத்தாள். மூன்று, நாலு, ஐந்து. எட்டும் முடிந்தது. "கொஞ்சம் மெதுவு, ஆனா செஞ்சிட்டீங்க" என்று ஜஹானா மிஸ் மூன்று போட்டாள். காலுக்கு முன்னால் கால் வைத்து நிற்கும்போதும் அந்த இரண்டு விரல்களும் உள்ளேயே இருந்தன. அதற்கும் மூன்று. ஒற்றைக்காலில் நிற்கும்போது விரல்களை எடுத்துவிட்டார். அவள் ஒரு நொடி தூக்கிவிட்டுக் காலைத் தரையில் போட்டாள். ஒன்று.

சரியாக நாற்பத்தைந்து.

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஜஹானா மிஸ். "அக்கா, ஒங்கட வீட்டுக்கே போகலாம்." பக்கத்துக் கட்டில்காரிகள் கை தட்டினார்கள். மூக்காயி மட்டும் ஒன்றும் பேசாமல் கதிரையில் உட்கார்ந்து பட்டியை அவிழ்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்தார். அக்கா ஆசைப்பட்டதைத்தானே செய்தேன் என்று தனக்குத் தானே நூறு தரம் சொல்லிக்கொண்டார். ஒரு தரம் சொன்னால் போதாதா உண்மையாக இருந்திருந்தால்?

மறுநாள் திரீவீலரில் ஹந்தானைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் வாங்கி வைத்தார். லயத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, இஸ்தோப்பிலிருந்து முற்றத்துக்கு இரண்டு உயரமான கருங்கல் படிகள். அந்தப் படிகளை அவர் ஒரு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார். "அக்கா, தண்ணி எடுக்கவெல்லாம் எறங்காத. பக்கத்துக் காம்பராக்காரிகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்.

"சரி. நீ போயிட்டு வா" என்றாள் அவள். வழக்கமாகத் திட்டாமல் அனுப்ப மாட்டாள். அன்றைக்குத் திட்டவில்லை.

பத்தொன்பதாவது நாள் விழுந்தாள். துணி காயப்போட்டிருக்கிறாள், மழை வந்திருக்கிறது, அவசரமாக அள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறாள். முற்றத்திலிருந்து முதல் படியில் ஒரு கால், அடுத்ததற்கு மறு கால். முக்காலியில் அவளால் செய்ய முடியாமல் போன அதே வேலைதான். லயத்தில் எல்லோரும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிட வரும் வரைக்கும் இரண்டு மணித்தியாலம் அந்த முற்றத்தில், மழையில், நனைந்த துணிகளுக்கு நடுவில் கிடந்தாள். இடுப்பெலும்பு இரண்டாக முறிந்துபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆணி வைத்துப் பூட்டினார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அதே வார்ட்டுக்கு வந்தாள். இனி எந்தக் காலத்திலும் அவள் தனியாக நடக்கப் போவதில்லை என்று டொக்டர் எழுதியே அனுப்பியிருந்தார்.

முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் ஜஹானா மிஸ் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பட்டிக்குள் இரண்டு விரல் விட்டதையும், வீட்டில் கேட்காமலே கேட்டதாகச் சொன்னதையும்.

ஜஹானா மிஸ் கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "இன்னும் எத்தின பேருக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

"அல்லா சாட்சியா, நீங்க கும்புடுற சாமி மேலயே சொல்றேன் மிஸ், அக்காவுக்கு மட்டுந்தான்."

"அத நா எப்பிடி நம்புற?" அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "நா மார்க் போட்டு வீட்டுக்கு அனுப்பின ஒவ்வொருத்தரும் இனி என் கண்ணுக்குள்ள வருவாங்க. அவங்க நிண்டாங்களா, நீங்க நிப்பாட்டினீங்களான்னு நா யாருகிட்ட போய்க் கேக்குற?" மேலிடத்துக்கு அவள் எழுதவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து பரீட்சை நேரத்தில் பின்னால் நிற்க அரூஸ் என்ற புது அட்டென்டனைக் கூப்பிட்டாள். முத்துலிங்கத்துக்குக் கட்டில் துடைக்கிற வேலை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஏழு வருடமாக அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்தார். "ஒன்னாலதான்டி எல்லாம்! ஒனக்குப் பயந்துதான் எங்க அக்காவக் கொண்டுபோயி அந்த மலையில தள்ளுனேன்!"

தங்கேஸ்வரி கையிலிருந்த குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு அவருக்கு நேரே வந்து நின்றாள். "எனக்குப் பயந்தா? என்னயக் கேட்டியா நீ? ஒரு நாளாவது வாயத் தொறந்து, அக்காவக் கூட்டிக்கிட்டு வரட்டுமான்னு கேட்டியா? அன்னைக்கி அரிசி பொடைக்கிறப்ப பேச்ச எடுத்தே. சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பேசாமப் போயிட்டே. எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஆயிரம் இருக்கும். அதுக்காக கால் இழுத்த பொம்பளைய வெளிய நிறுத்துற ராட்சசியா நா? முன்னறையில கட்டிலப் போட்டிருந்தா நானும் பிள்ளயும் கீழ படுத்திருப்போமே!"

முத்துலிங்கம் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியை முப்பத்தொரு வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாளே தங்கேஸ்வரி முன் அறையில் கட்டிலைப் போட்டாள், மெத்தையை வெயிலில் காய வைத்தாள். "போயி மொறையாக் கூட்டிக்கிட்டு வா" என்று ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தட்டை எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

மூக்காயி ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. முத்துலிங்கம் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பையைக் கட்டிலில் அவள் கைப்பக்கமாக வைத்தார்.

"அக்கா, வீட்டுக்குப் போவோம். தங்கேஸ் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிருக்கா. கட்டிலெல்லாம் போட்டு வச்சிட்டா."

அவள் திரும்பவில்லை. "முதியோர் இல்லத்துக்குக் கை நாட்டு வச்சிட்டேன். வியாழக்கெழம வண்டி வருது."

"அத வேணாங்கலாம் அக்கா. நா மிஸ்கிட்ட பேசுறேன்."

"நீ யாருகிட்டடா பேசுவ?" இப்போது திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "அந்த முக்காலியில கால் வைக்கிறப்ப பட்டிக்குள்ள வெரல விட்டியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? முப்பத்தெட்டு வருசம் மலையில நின்னவ நா. என் ஒடம்பு எப்ப தானா நிக்கிது, எப்ப நிக்கலன்னு எனக்கு வெளங்காதா?"

"தெரிஞ்சுமா... அப்பவே மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னான்னு சொல்லச் சொல்ற? எந் தம்பி என்னய வீட்டுல சேக்கப் பயந்துக்கிட்டு மார்க் வாங்கிக் குடுக்குறான்னா? அத்தன பேரு முன்னாலயும் ஒன் மானத்த வாங்கச் சொல்றியா?"

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகை வந்தது, அடக்க முயற்சி செய்யவும் இல்லை.

"காம்பராவுக்குப் போறேன், காம்பராவுக்குப் போறேன்னு கத்துனதெல்லாம் ஒன் காதுல வுழத்தான்டா. நீ, இல்லக்கா, நம்ம வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு. நீ சொல்லல. சரி, பரீட்சையில எப்படியும் ஏலாமப் போயிரும், அப்பவாவது கூட்டிக்கிட்டுத்தான ஆவணும்னு தல வாரிப் பொட்டு வச்சிக்கிட்டு வந்தேன் அன்னைக்கி." அவள் மூச்சு வாங்கினாள். நல்ல கையை நீட்டி அந்தப் பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னய விழ விட்டிருக்கலாமேடா. ஒன் கையிலதான விழுந்திருப்பேன்."